நாற்காலியில் ஒரு பழுதும் இல்லை

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மறு காலுக்குத் துழாவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஸ்பேனருக்கு வீட்டம்மா கெடு வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுகிறார் என்ற உண்மையை நாளை சாயங்காலம் ஆறு மணிக்குள் அவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆறேகால் பஸ்ஸில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. பெட்டி ஏற்கெனவே கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதில் கம்பளிச் சால்வை மடித்து வைத்திருப்பதை அவர் பார்த்துவிட்டார். குளிர் வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

இத்தனைக்கும் மனுஷன் ஒரு பாவமும் அறியாதவர். அவர் செய்ததெல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு நாலு மாதமாக உலகத்துக்கே டிமிக்கி கொடுத்ததுதான்.

ஸ்பேனர் என்பது அவர் பெயர் இல்லை, வேலை வைத்த பட்டம். பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக சர்வீஸ் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த டாக்டருடைய சேர் மக்கர் செய்தாலும் அவர்தான் போக வேண்டும். டிரில் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் அந்தச் சேரில் அவரே ஏறிப் படுத்து, ஏற்றி, இறக்கி, சாய்த்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் அவரைப்போலப் பல் டாக்டர் சேரில் படுத்தவர் உலகத்திலேயே குறைவு. ஆனால் ஒரு தடவைகூட அதில் படுத்து வாயைத் திறந்ததில்லை. அந்த நினைப்பு வந்தாலே பயத்தில் டூல் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சின்ன வயசில் எவனோ குறடு வைத்துப் பல்லைப் பிடுங்கினான், அதிலிருந்து பயம் என்று கதை கட்டலாம். அப்படி ஒரு மண்ணும் நடக்கவில்லை. நடந்தது வேறு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளினிக்கில் சேரின் தூக்குக் கைக்கு அடியில் கையை விட்டு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். போன் அடிக்கிறதே என்று ஓடிவந்த யாரோ தெரியாமல் பெடலை மிதித்துவிட்டார்கள். சேர் பாட்டுக்கு இறங்கியது. நகத்தோடு போயிற்று என்று வையுங்கள். அன்றிலிருந்து எந்தச் சேரில் கை வைத்தாலும் முதலில் ஃப்யூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஃப்யூஸ் பையில் இருந்தால்தான் கை உள்ளே போகும். ராஜாவே வந்து நின்று, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலையைச் செய் என்றாலும் கேட்க மாட்டார்.

வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் நாலு மாதத்துக்கு முன்னால் லேசாகக் கூசியது. இடதுபக்கம் மென்றார். அப்புறம் இடதுபக்கம் மென்றாலும் வலதுபக்கம் சுர்ரென்றது. பாலில் நனைத்த ரொட்டிக்கு இறங்கினார். வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கிற மத்தியானச் சாப்பாட்டைக் கொட்ட மனசு வரவில்லை. கம்பெனி வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அங்கேதான் வந்தது வினை. டிரைவர் நல்ல வளர்ப்பு. அடுத்த வீட்டு டப்பாவில் சாப்பிட்டால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்.

பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஸ்பேனர் ஒருநாள்கூட டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தவரில்லை. திடீரென்று தினமும் பளபளவென்று வருகிறது. ராத்திரியோ பசியில்லை என்று எழுந்துவிடுகிறார். வீட்டம்மா வேலை பார்ப்பது பார்சல் ஆபீஸில். பழைய துணி என்று எழுதிக் கண்ணாடிச் சாமானை அனுப்புகிற ஆசாமிகளை நாளெல்லாம் கையாளுகிறவள். பொட்டலத்தை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். அவளிடமா இந்த வேலை?

எவளோ ஒருத்தி இவருக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டு டப்பாவையும் கழுவித் தருகிறாள் என்று அவள் முடிவு கட்டினாள். கேட்டாள், சண்டை போட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். ஸ்பேனர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பல்வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் சொன்ன மறு நிமிஷம் கையைப் பிடித்துத் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். சந்தேகத்தோடு ஒரு வீட்டில் காலம் தள்ளிவிடலாம், டிரில்லோடு ஒரு நிமிஷம் தள்ள முடியாது என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். மகா கெட்டிக்காரர்தான் போங்கள்.

போன வாரம் வலி காதுவரை ஏறியது. வேறு வழியில்லாமல் திங்கட்கிழமை, ஸ்டேஷனரிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற டாக்டரம்மாவிடம் போனார். ஐந்து வருஷமாக அந்தக் கிளினிக்கின் சேரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கவனித்ததில், அங்கே வருகிறவர்கள் கத்தியதில்லை. சிலர் சிகிச்சை நடக்கும்போதே தூங்கிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். சரி, சொல்லிவிடுவோம் என்று துணிந்து போய் நின்றார். என்ன அண்ணா என்று டாக்டரம்மா கேட்டதும், சும்மாதான், சேரை ஒரு பார்வை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தலை சாய்க்கிற பகுதியின் திருகை முடுக்கிவிட்டு வந்துவிட்டார். புதன்கிழமை போனார். கால்பக்கம் எண்ணெய் விட்டார். சனிக்கிழமை போனார். வாய் கொப்பளிக்கிற தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டினார். அந்தச் சேர் கம்பெனியிலிருந்து வந்த நாளில்கூட அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

எதிர்ச் சாரியில் முடிவெட்டிக்கொண்டிருந்த மச்சினன் இதைப் பார்த்துவிட்டான். தம்பி சொன்னதைக் கேட்டதும் வீட்டம்மா கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தக் கிளினிக்கிலிருந்து மூன்று மாதமாக ஒரு புகாரும் வரவில்லை என்று அவர்கள் நோட்டைப் பார்த்துச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை அவள் கேட்டது இதைத்தான். சேரில் என்ன பழுது என்று கேட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினெட்டுப் பழுதை வரிசையாகச் சொல்லக்கூடிய மனுஷனுக்கு அன்று ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. செருப்பைத் துழாவினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டரை மணிக்கு மாடிப்படி ஏறினார். கையில் டூல் பெட்டி இருந்தது. வழக்கத்தை விட முடியவில்லை. டாக்டரம்மா அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறக்கப்போன ஸ்பேனரிடமிருந்து அதை மெதுவாக வாங்கி அலமாரிமேல் வைத்தார்.

"அண்ணா, என் சேர்ல ஒரு பழுதும் இல்ல. உங்க வலது கன்னம்தான் இடது கன்னத்தை விடப் பெருசா இருக்கு. எத்தனை நாளா?"

"நாலு மாசம்," என்றார் ஸ்பேனர்.

வாங்கு வாங்கென்று திட்டுவார், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, எதற்குப் பயம் என்று மட்டும் கேட்டார். ஊசிக்கா, வலிக்கா, அந்தச் சத்தத்துக்கா? சத்தம் என்றதும் ஸ்பேனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தம்தானே இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறது. அப்புறம் எதுதான் பயம் என்று அவரே அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தார்.

"பெடல் உங்க காலுக்கு அடியில இருக்கு. என் வாய் உங்க கையில இருக்கு. ரெண்டும் உங்ககிட்டயே இருந்தா நான் எங்க போறது, டாக்டரம்மா?"

கேட்க அசட்டுத்தனமாக இருக்கிறதே என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று. டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஐந்து வருஷமாக அவர் ஃப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்தானே. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃப்யூஸைக் கழற்றிவிட்டால் டிரில் ஓடாது, பல் அப்படியே இருக்கும், ஓட்ட வேண்டியது என் பொறுப்பு, நிறுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால் என்ன என்றார். படுத்திருக்கிறவர் கையில் பிடித்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் அமுக்கி டிரில்லை நிறுத்துகிற மாதிரி ஒரு ஸ்விட்ச் போட முடியுமா என்று கேட்டார்.

மெக்கானிக்கிடம் போய் முடியுமா என்று கேட்டால் என்ன ஆகும்? ஸ்பேனருக்குப் பல்வலியே மறந்துபோயிற்று. அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினார். டிரில்லுக்குப் போகிற காற்றுக் குழாயில் ஒரு வால்வைச் செருகினார், நீளமாக ஒயர் இழுத்தார், உள்ளங்கைக்கு அடக்கமாக ஒரு பொத்தானை மாட்டினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. டாக்டரம்மா பெடலை மிதிக்க, இவர் பொத்தானை அமுக்க, டிரில் கப்பென்று நின்றது. திரும்ப மிதிக்கச் சொன்னார். திரும்ப நின்றது. பதினாலு தடவை சோதித்தார். பதினைந்தாவது தடவையைப் படுத்துக்கொண்டே சோதிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

படுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஈறில் முதலில் ஒரு மருந்துப் பசையைத் தடவிவிட்டு டாக்டரம்மா மூன்று நிமிஷம் காத்திருந்தார். அடுத்து என்ன செய்யப்போகிறேன், எத்தனை எண்ணுவதற்குள் முடியும் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்பேனர் பொத்தானை அமுக்கிவிட்டார். ஊசிக்கும் அந்தப் பொத்தானுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. ஆனாலும் டாக்டரம்மா பேசாமல் கையை எடுத்துக்கொண்டு, அவர் விரலைத் தளர்த்தும்வரை நின்றார். அந்த இடத்தில்தான் ஸ்பேனருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஊசி வந்தது, மெதுவாக, மிக மெதுவாக. யாரோ கன்னத்தை உள்பக்கமாகத் தொடுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து, அவருடையதே இல்லை என்று ஆகிவிட்டது.

டிரில் ஓடியதும் அமுக்கினார். நின்றது. ஓடியது. அமுக்கினார். நின்றது. இப்படி ஒன்பது தடவை. வேறு யாராக இருந்தாலும் உங்கள் பல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று துண்டை உதறிப் போட்டிருப்பார்கள். இந்த டாக்டரம்மா ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. ஒவ்வொரு தடவையும் கையை எடுத்தார், காத்திருந்தார், அவர் தலையசைத்த பிறகே தொட்டார்.

பத்தாவது தடவை பொத்தானை அமுக்கியபோது டாக்டரம்மா குனிந்து பார்த்து, "வலிக்குதா அண்ணா?" என்று கேட்டார்.

ஸ்பேனர் இல்லை என்று தலையாட்டினார். பல்லில் எச்சில் படாமல் இருக்க வாயில் ரப்பர் ஷீட் மாட்டியிருந்ததால் பேச முடியவில்லை. டிரில்லைச் சுட்டிக்காட்டினார். ஒரு விரலைச் சுற்றிக் காட்டினார், காதைத் தொட்டுக் காட்டினார், முகத்தைச் சுளித்தார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவர் காற்றிலேயே ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் குட்டிக் குட்டி உருண்டைகளைப் புள்ளி வைத்துக் காட்டியதும் புரிந்துவிட்டது. பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது, இந்த டிரில்லை மாற்றுங்கள் என்கிறார். பல்லில் ஓட்டை போட்டுக்கொண்டு படுத்திருக்கிற ஆள் சொல்கிற குறை இது.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வேறு டிரில்லை மாட்டினார். அது பிசிறில்லாமல் ஓடியது. ஸ்பேனர் அந்தச் சத்தத்தைத் தலையை லேசாகச் சாய்த்து ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இவ்வளவு நேரமாக வலி வரவே இல்லை. வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நாலு மாதம் ஒருத்தன் இப்படிப் பயந்து செத்ததற்கு ஒரு மரியாதையாவது வேண்டாமா? பொத்தான் கையில் இருந்தது. அதற்கப்புறம் அவர் அதை அமுக்கவில்லை.

உள்ளே இருந்த சீழை எடுத்துச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தாகிவிட்டது, அடுத்த வெள்ளி வந்தால் வேரைச் சரிசெய்து முடித்துவிடலாம், மரத்தது தெளிகிறவரை எதையும் மெல்லக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியபோது மணி ஐந்தரை. ஸ்பேனர் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி இறங்கினார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது ஆறுக்கு ஐந்து நிமிஷம். வீட்டம்மா வெளிக்கதவுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்பேனர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார். பாதி வாய் ஒத்துழைக்க மறுத்தது. உதடு ஒருபக்கம் தொங்க, வார்த்தைகள் கோணலாக வந்தன. கூடவே எச்சிலும் வந்தது. வீட்டம்மா கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"குடிச்சிருக்கீங்களா?"

இல்லை என்று அவர் தலையைப் போட்டு ஆட்டியதைப் பார்த்தால் குடித்தவர் என்று சத்தியமே செய்யலாம். அவள் கைப்பையிலிருந்து ஒரு பார்சல் சீட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். எழுதுங்கள் என்றாள். அனுப்புநர் என்று அச்சடித்திருந்த இடத்தில் ஸ்பேனர் பல்வலி என்று எழுதினார். கீழே நாலு மாசம் என்று எழுதினார். அப்புறம், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் முன்னால் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார்.

வீட்டம்மா போன் வெளிச்சத்தை அடித்து நிதானமாகப் பார்த்தாள். மேலே, கீழே, கடைசிவரை. பார்சலைக்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். டிரைவர் சாப்பிட்டது, கழுவியது, ரொட்டி, பால், மாடிப்படி, ஸ்விட்ச் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு வர வேண்டியது, வரவில்லை. ஆறேகால் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. இரண்டு பேரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனருக்கு நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தன்வசம் வந்துகொண்டிருந்தது.

"ராத்திரி ராத்திரி நான் அழுதது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "நீ அதையே கேட்டுட்டு இருந்தா பல்லைப் பத்திக் கேக்க மாட்ட. அது எனக்கு வசதியா இருந்துச்சு. பயம்மா. அவ்வளவு பயமா இருந்துச்சு."

வீட்டம்மா கையிலிருந்த பூட்டைப் படியில் டொக்கென்று வைத்தாள். கோபம்தான், நியாயமான கோபம். பிறகு பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முந்தாநாள் புதன்கிழமை நான் அங்க போனேன்."

ஸ்பேனருக்குப் புரியவில்லை.

"அந்த டாக்டரம்மா மூஞ்சியைப் பார்த்துட்டு வரணும்னு போனேன். பேஷன்ட்னு சொன்னப்புறம்தான் உள்ள விட்டாங்க. சேர்ல படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். வாயைத் திறங்கன்னாங்க, திறந்தேன். ஒரு சொத்தை இருக்குன்னு சொல்லி அங்கயே அடைச்சும் விட்டாங்க. சேர் சத்தமே இல்லாம நல்லா இருக்கே, யார் பார்த்துக்கறாங்கன்னு கேட்டேன். ஒரு அண்ணா அடிக்கடி வர்றார், எதையோ சொல்ல வர்றார், சொல்லாமலே போயிடறார், பாவமா இருக்குன்னாங்க. அவங்ககிட்ட மனசைச் சொல்லத்தான் போறீங்கன்னு நினைச்சு, வந்து பெட்டியைக் கட்டினேன்."

தான் போன வாரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்த சேரில் இவள் ஒரு மத்தியானத்தில் போய்ப் படுத்துவிட்டு, பல்லையும் அடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து சமைத்திருக்கிறாள். ஸ்பேனர் அவளைப் பார்த்தார். கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தும், அவருக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"டிரில் வச்சாங்களா? உனக்குப் பயமாவே இல்லையா?"

"நீங்க என்னை விட்டுப் போயிடுவீங்களோன்னு இருந்துச்சுங்க," என்றாள் அவள். "அதுக்கு நடுவுல டிரில்லுக்கெல்லாம் எங்க பயப்படறது?"

ஸ்பேனர் பதில் சொல்லப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. மருந்தின்மேல் பழியைப் போடலாம் என்றால், அது தெளிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.